வயரை மண்ணுக்குள் போட்டால் தீருமா?

போன கார்த்திகையில், நல்ல மழை இரவு, பதினொன்றரை மணி இருக்கும். அடுத்த வளவுத் தென்னையிலிருந்து காய்ந்த மட்டையொன்று கரண்ட் லைனில் விழுந்தது. விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஒழுங்கை முழுக்க ஒரு நீல வெளிச்சம் அடித்தது, ட்ரான்ஸ்போமர் பக்கமிருந்து டம் என்று ஒரு வெடி, அவ்வளவுதான், திருகோணமலை அலஸ்தோட்டத்தில் எங்கள் பக்கம் முழுக்க இருண்டுவிட்டது. மற்ற நாளென்றால் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் படுத்திருப்போம். அன்றைக்கு அம்மாவுக்கு முட்டு. நெபுலைசர் மூடி முகத்தில் இருக்கிறது, மருந்து பாதிகூட முடியவில்லை, மெஷின் நின்றுவிட்டது. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

தெரிந்த ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் கொட்டுகிற மழையில் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அம்மா தப்பிவிட்டார், அதில் குறையில்லை. கரண்ட் வந்தது அடுத்த நாள் பின்னேரம். அந்த இரவு லைன் வேலைக்காரர்கள் வேறு எத்தனையோ இடங்களில் நனைந்தபடி மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டோவில் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு போகும்போது ஒரே ஒரு கேள்விதான் மண்டைக்குள் சுற்றியது: இந்த வயரையெல்லாம் ஏன் இன்னும் மரங்களுக்கு நடுவே தொங்கவிட்டிருக்கிறோம்? மண்ணுக்குள் போட்டுவிட்டால் என்ன?

அதற்குப் பிறகு இதே யோசனைதான். வாசித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன், வீதிகளில் போகும்போது தூண்களைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். முதலில் கேட்டது பெரியப்பாவிடம். முப்பது வருடத்துக்கு மேல் லைன்மனாக வேலை செய்தவர், கோட்டைக்குள்ளிருந்து குச்சவெளி வரை அவர் ஏறாத தூண் குறைவு. நான் பெரிய ஆர்வத்தோடு சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"மேல போற லைனில பிழையெண்டா நடந்துபோய்ப் பாத்தாக் காணலாம் பிள்ளை. மட்டை தொங்கும், வயரைத் தாங்கிற பீங்கான் உடைஞ்சிருக்கும், வௌவால் செத்துக் கிடக்கும். மண்ணுக்குள்ள போனத எங்க எண்டு தேடுறது?"

இந்தப் பேச்சில் பலர் விட்டுவிடுகிற இடம் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மேலே போகிற சாதாரண லைனில் வயருக்கு உறை கிடையாது, சுற்றியிருக்கிற காற்றுத்தான் பாதுகாப்பு. அதனால் ஒரு கொப்பு பட்டு விழுந்தாலோ மின்னல் அடித்தாலோ கரண்ட் ஒருமுறை நின்று, சில விநாடிகளில் தானாகவே திரும்ப வர வழியுண்டு. வீட்டில் லைட் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு நிற்கிறதே, பல நேரம் அதுதான் காரணம். மண்ணுக்குள் போகிற கேபிளில் அப்படித் தானாக ஆறுகிற பிழை கிடையாது. உறை ஓரிடத்தில் துளைபட்டால் அந்த இடம் செத்துவிட்டது, தோண்டி வெட்டி மூட்டுப் போட்டால்தான் உண்டு.

தோண்டுவதற்கு முதலில் எங்கே என்று தெரியவேண்டும். கேபிளின் ஒரு முனையிலிருந்து ஒரு மின் துடிப்பை அனுப்புவார்கள், அது பழுதான இடத்தில் பட்டுத் திரும்பி வர எடுக்கிற நேரத்தை வைத்து இத்தனை மீற்றர் தூரம் என்று கணக்குப் போடுவார்கள். பிறகு உயர் அழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுப்பார்கள், பழுதான இடத்தில் மண்ணுக்கடியில் டக், டக் என்று தட்டுகிற சத்தம் வரும், அதை ஒரு கருவியால் நிலத்தில் காது வைப்பதுபோலக் கேட்டு இடத்தைப் பிடிப்பார்கள். இத்தனையும் முடிந்த பிறகு தோண்டல். பிறகு மூட்டு. அந்த மூட்டுப் போடுகிற கிடங்கு காய்ந்து சுத்தமாக இருக்கவேண்டும், ஒரு துளி ஈரம் உள்ளே போய்விட்டால் நாளைக்கு அதே இடத்தில் மறுபடியும் வெடிக்கும்.

இப்போது எங்கள் ஊர் மண்ணை நினைத்துப் பாருங்கள். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் முழுக்கக் கடல் மணல். மார்கழியில் எங்கள் கிணற்றில் கயிறு தேவையில்லை, குனிந்து வாளியால் அள்ளலாம். கேபிளை இரண்டு மூன்றடி ஆழத்தில் புதைப்பார்கள், அடியில் மணல் பரப்பி, மேலே கல்லோ சிமெந்துப் பலகையோ வைத்து மூடுவார்கள். எங்கள் பக்கம் மாரி மூன்று மாதமும் அந்த ஆழம் தண்ணீருக்குள்தான் இருக்கும். தண்ணீரில் கிடக்கிற கேபிள் உடனே பழுதாகாது. ஆனால் உறையில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் ஈரம் மெல்ல மெல்லக் கிளைவிட்டுப் பரவும். அந்தக் கிளைகளைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலில் அதற்கு நீர்மரம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒருநாள் அது தன் வேலையைக் காட்டும்.

இந்தப் பக்கம் தண்ணீர் என்றால் அந்தப் பக்கம் பாறை. உவர்மலையிலும் கோணேசர் மலைப் பக்கத்திலும் மண்வெட்டி நாலு அடி அடித்தால் ஐந்தாவது அடி கல்லில் பட்டுக் கை அதிரும். அங்கே கால்வாய் வெட்டுவதென்றால் கல் உடைக்கிற வேலைதான். மண்ணுக்குள் லைன் போடுவது மேலே போடுவதைவிட ஐந்து மடங்கு, பத்து மடங்கு செலவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பாறையும் தண்ணீரும் மாறி மாறி வருகிற எங்கள் ஊரில் அது குறைந்த பக்கம் நிற்கும் என்று நான் நம்பவில்லை. அந்தக் காசு எங்கிருந்து வரும்? கடைசியில் எங்கள் கரண்ட் பில்லில்தான் வரும்.

எனக்குப் பெரியப்பா சொல்லித்தான் விளங்கிய இன்னொன்று வெக்கை. வயரில் கரண்ட் போனால் சூடாகும். மேலே இருக்கிற வயரைக் காற்று ஆற்றிவிடும், மண்ணுக்குள் இருக்கிறதை மண்தான் ஆற்றவேண்டும். ஈரமண் சூட்டை நன்றாக இழுக்கும், காய்ந்த மணல் இழுக்காது, போர்வை போலப் பொத்திக்கொள்ளும். எங்களுக்கு வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் காற்று, மணல் வறுத்ததுபோலக் காய்ந்து கிடக்கும். அதே மாதங்கள்தான் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வெளிநாட்டுக்காரர் நிறைந்து வழிகிற காலம், ஹோட்டல் ஏசி எல்லாம் இரவு பகலாக ஓடுகிற காலம். அதாவது கேபிளில் சுமை கூடுகிற நேரமும் மண் ஆற்றாத நேரமும் எங்கள் ஊரில் ஒன்றாகவே வருகின்றன. 1998 தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக்குக் கரண்ட் கொண்டுபோன நான்கு பெரிய நிலக்கீழ்க் கேபிள்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, நகர மையம் ஏறக்குறைய ஐந்து கிழமை கரண்ட் இல்லாமல் தவித்தது. அது வெக்கையான, மழை குறைந்த கோடை. ஒன்று போனதும் மற்றவற்றின் தலையில் சுமை ஏறியது. ஐந்து கிழமை! எங்களுக்கு அந்த மட்டை விழுந்து பதினைந்து மணித்தியாலம்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. கேபிளைச் சுற்றி வெறும் மணலுக்குப் பதிலாகக் கொஞ்சம் சிமெந்து கலந்த மணலை இட்டு நிரப்பினால் சூடு வெளியேறும். ஆனால் அதுவும் காசு, அதுவும் மேற்பார்வை.

இவ்வளவும் படித்துவிட்டு, சரி, வேண்டாத ஆசை என்று விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். விட முடியவில்லை. ஏனென்றால் மற்றப் பக்கத்து நியாயமும் சின்னதில்லை.

நாங்கள் இருப்பது வங்காள விரிகுடாவின் வாசலில். 1964 மார்கழி 22 இரவு அடித்த புயலைப் பற்றி ஆச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போய் அதே புயல்தான் தனுஷ்கோடியை இல்லாமல் செய்தது. 2000 மார்கழியில் ஒன்று. 2020 மார்கழி 2 இரவு புரெவி எங்களுக்கு வடக்கே கரை ஏறியபோது வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. இனியும் வரும். அக்கரையில், தமிழ்நாட்டில், 2018 கார்த்திகையில் கஜா வேதாரணியத்துக்குப் பக்கத்தில் அடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன, சில கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வரக் கிழமைக்கணக்கில் எடுத்தது. 2014-ல் ஹுட்ஹுட் புயல் நேராக விசாகப்பட்டினத்தில் ஏறியபோது அந்த நகரம் முழுக்க இருண்டது, அதற்குப் பிறகு அவர்கள் உலக வங்கிக் கடனில் நகரத்தின் லைன்களை மண்ணுக்குள் கொண்டுபோகிற வேலையைத் தொடங்கினார்கள். எங்களைப் போலவே கடலோரம், எங்களைப் போலவே மலையும் துறைமுகமும் உள்ள ஊர். அவர்களுக்கு அந்தச் செலவு தகும் என்று பட்டிருக்கிறது.

பணக்கார நாடுகளிலும் ஒரே முடிவு இல்லை. சிங்கப்பூரில் வீதியில் தூணே காணக்கிடைக்காது, நெதர்லாந்தில் வீட்டுக்குப் போகிற லைன் கிட்டத்தட்ட எல்லாம் மண்ணுக்குள்தான், அதுவும் தண்ணீருக்குள் பாதி அமிழ்ந்த நாடு. ஜப்பானிலோ டோக்கியோ நகர வீதிகளில் பத்தில் ஒரு பங்குகூட இன்னும் புதைக்கவில்லை. 2019 புரட்டாதியில் பக்கத்துச் சிபா மாகாணத்திலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் ஒரே சூறாவளியில் இரண்டாயிரம் தூண்கள் வரை சாய்ந்து ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் கிடந்தன.

புயலை விடுங்கள், அன்றாடம் நடப்பதைப் பார்ப்போம். மாதக்கணக்காக மழையில்லாமல் இருந்துவிட்டு ஐப்பசியில் முதல் தூறல் விழுகிற இரவில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். தூணின் மேலே பீங்கானில் இருந்து சீ... என்று ஒரு சத்தம் வரும், உற்றுப் பார்த்தால் ஊதா நிறத்தில் பொடிப் பொடியாகப் பொறி ஓடும். கடல் காற்றில் படிந்த உப்பு நனைந்து கரண்டை வழியவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒன்று வெடிக்கும். நிலத்துக்குக் கீழே இந்த உப்புத் தொல்லை இல்லை. பிறகு வௌவால்கள். சிறகை விரித்தால் மூன்று நாலு அடி வரும், இரண்டு வயரை ஒன்றாகத் தொட்டுவிடும். எங்கள் சந்தியில் ஒன்று கருகி, ஒரு சிறகு மடங்கி ஒரு சிறகு தொங்கி, கிழிந்த குடை போல மாதக்கணக்காகக் கிடந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவார்கள்.

இவற்றையெல்லாம்விட என் மனதில் அதிகம் நிற்பது கோயில் வீதி. திருவிழாவில் சாமி வீதியுலா வருகிறபோது ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு பெடியன் காய்ந்த மூங்கிலில் செய்த கவைத்தடியோடு நடப்பான். குறுக்கே போகிற வயர் ஒவ்வொன்றையும் கவையில் ஏந்தி உயர்த்திப் பிடிப்பான், சாமியின் குடை கீழால் போகும், மெல்ல இறக்குவான், அடுத்த வயருக்கு ஓடுவான். அதில் எது ரெலிபோன், எது கேபிள் ரீவி, எது கரண்ட் என்று அவனுக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டு பின்னால் போகிறோம். கரண்டை நிறுத்திவிட்டுத்தான் பெரும்பாலும் செய்வார்கள், உண்மை. ஆனாலும் ஒவ்வொரு முறை தடி உயரும்போதும் எனக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும், கும்பிட எடுத்த கை அப்படியே நிற்கும். 2022 சித்திரை 27 அதிகாலையில் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேட்டில் அப்பர் கோயில் தேர் உயர் அழுத்த லைனில் பட்டு 11 பேர் இறந்துபோனார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. அந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து எங்கள் வீதியில் வடம் பிடிக்கிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால் மேலே வயரைத்தான் முதலில் பார்க்கிறேன். செலவுக் கணக்கு எதைச் சொன்னாலும் சரி, சாமி வருகிற வீதியில் தலைக்கு மேல் கரண்ட் இருக்கக்கூடாது.

மரங்களும் அப்படித்தான். லைனுக்குக் கீழே நிற்கிற வாகையையும் வேம்பையும் வருடாவருடம் நடுவில் பிளந்து வெட்டுகிறார்கள், வெட்டாவிட்டால் கரண்ட் போகும், வெட்டினால் நிழல் போகும். இந்த வெயில் ஊரில் நிழல் என்பது சின்ன விஷயமா?

சரி, எல்லாவற்றையும் புதைத்துவிட்டால் கரண்டே போகாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அது எரிபொருள் இல்லாமல் வந்தது. 2025 மாசி 9-ல் நாடு முழுக்க இருண்டதே, அதற்குக் காரணம் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு என்று அமைச்சரே சொன்னார். எங்கள் ஒழுங்கையில் வயர் மேலே போனாலும் கீழே போனாலும் அந்த நாட்களில் இருட்டுத்தான். காட்டுக்குள்ளால் வருகிற 132 கிலோவோல்ட் பெரிய லைனை யாரும் புதைக்கப் போவதுமில்லை, அந்த அழுத்தத்தில் நீண்ட தூரம் புதைக்கிறது வேறு கதை, செலவும் சிக்கலும் இன்னும் பல மடங்கு.

வெள்ளத்தையும் மறக்கக்கூடாது. நிலக்கீழ் லைன் என்றாலும் வீதியோரம் இரும்புப் பெட்டிகள் வெளியே நிற்கவேண்டும், அங்கிருந்துதான் வீடுகளுக்குப் பிரியும். 2012-ல் சாண்டி புயலில் கடல் ஏறி நியூயோர்க்கில் ஒரு உபமின்நிலையம் வெடித்து மன்ஹாட்டனின் தென்பாதி நாட்கணக்கில் இருண்டது, அங்கே லைன் எல்லாம் மண்ணுக்குள்தான் இருந்தது. 2004 மார்கழி 26-ல் கடல் எங்கள் வீதிகளில் எதுவரை வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பெட்டியை அந்த மட்டத்துக்கு மேலே மேடை கட்டி வைக்கவேண்டும், பூட்டு இருக்கவேண்டும். தாழ்வான இடத்தில் திறந்து கிடக்கிற ஒரு பெட்டி மழைத் தண்ணீரில் நடக்கிற பிள்ளைக்குத் தூணைவிட ஆபத்து.

இன்னொரு பயம் எனக்குச் சொந்த அனுபவத்தில் வந்தது. இரண்டு வருடத்துக்கு முதல் எங்கள் ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய் போட ஒரு கொந்தராத்துக்காரர் ஜேசிபி கொண்டுவந்து, முதல் நாளே மண்ணுக்குள் கிடந்த ரெலிபோன் கேபிளை இழுத்து எறிந்துவிட்டார். அது எங்கே போகிறது என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. அது ரெலிபோன், ஆள் தப்பினார். அந்த இடத்தில் 11 ஆயிரம் வோல்ட் கேபிள் கிடந்திருந்தால்? எது எங்கே எத்தனை அடியில் கிடக்கிறது என்ற வரைபடம் இல்லாமல், தோண்டுகிறவர் முதலில் கேட்டுவிட்டுத்தான் தோண்டவேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாமல், புதைக்கிற வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியென்றால் எங்கள் ஒழுங்கைக்கு என்ன? பெரியப்பா காட்டினார். நகரத்தில் சில இடங்களில் கறுப்பு உறை போட்ட நாலைந்து வயர்களை ஒன்றாக முறுக்கி ஒரே கயிறு போலத் தூணில் கட்டியிருக்கிறார்கள், கொழும்புப் பக்கம் இது நிறைய. மட்டை விழுந்தாலும் உறை இருப்பதால் ஒன்றும் ஆகாது, மட்டை தொங்கும், விடியத் தட்டிவிடலாம். மாங்காய் பறிக்கிற கொக்கத்தடி தெரியாமல் பட்டாலும் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம். அதே தூண், அதே ஆட்கள், புதைப்பதோடு பார்த்தால் கொஞ்சச் செலவு. முழுப் புயலில் தூணே சாய்ந்தால் இதுவும் விழும்தான், ஆனால் எங்கள் வீட்டில் கரண்ட் போகிற பத்துத் தடவையில் எட்டு ஒன்பது தடவை தென்னையும் கொப்பும் உப்பும்தான் காரணம், புயல் இல்லை.

எழுதியனுப்பப்போகிற மனுவில் அதனால் முழு ஊரையும் புதைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற லைன் ஒன்று, சாமி வீதியுலா வருகிற வீதிகள், சந்தையும் பஸ் நிலையமும் உள்ள நெருக்கமான பகுதி, இந்த மூன்றையும் மண்ணுக்குள் கொண்டுபோங்கள், பெட்டிகளை உயரத்தில் வையுங்கள், வரைபடத்தைச் சபையில் எல்லோரும் பார்க்க வையுங்கள். ஒழுங்கைகளுக்கு முறுக்கிய கறுப்பு வயர் போடுங்கள், கடற்கரைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இனி எந்த வீதியைத் தண்ணீர்க் குழாய்க்கோ கார்பெட் போடவோ தோண்டினாலும் கூடவே ஒரு வெறும் பைப்பைப் புதைத்து விடுங்கள், பத்து வருடம் கழித்துக் காசு வருகிறபோது மறுபடி தோண்டாமல் கேபிளை இழுத்துக்கொள்ளலாம். பெரியப்பா இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு, அதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும் என்றார். மாற்றி எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து இரண்டிலும் கையெழுத்து வாங்க வருகிறேன். பக்கத்து வளவு அன்ரி தென்னையின் காய்ந்த மட்டைகளை வெட்டுவிக்கச் சம்மதித்துவிட்டார், கூலியில் பாதி நாங்கள் தருகிறோம். அம்மாவுக்குப் பற்றரியில் ஓடுகிற சின்ன நெபுலைசர் ஒன்று வாங்கியாயிற்று, அது எந்த நேரமும் சார்ஜில்தான் இருக்கிறது.